அண்ணாச்சிக்கு ஜூலையில் தோன்றிய யோசனை

கேள்வி: நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் லேஅவுட் டிசைனராக இருக்கிறேன். என் மாமியார் பால் கணக்கைக் காலண்டர் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைப்பார். அதைப் பார்த்து, மாத காலண்டரின் அடியில் பால் கணக்குக்குச் சின்னக் கட்டங்களும், சிலிண்டர் புக் செய்த தேதியை எழுத ஓர் இடமும் விடலாம் என்று மார்ச் மாதம் எங்கள் மேனேஜர் அண்ணாச்சியிடம் சொன்னேன். "இதையெல்லாம் யாரு பாப்பா பார்க்கப் போறா? இடம்தான் வேஸ்ட்" என்று சொல்லிவிட்டார். ஜூலையில் முதலாளி, ஏஜென்ட்டுகள் எல்லாரும் இருந்த மீட்டிங்கில், "எனக்கு ஒரு யோசனை தோணுச்சு" என்று ஆரம்பித்து அதையே சொன்னார். சிலிண்டர் வரிக்குப் பக்கத்தில் விளம்பரம் கொடுக்கும் கடையின் போன் நம்பரையும் போடலாம் என்று ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டார். சொல்லிவிட்டு என்னையே பார்த்து, "நல்லாருக்குல்ல பாப்பா?" என்று வேறு கேட்டார். ஆடிப் பதினெட்டு அன்று புதுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டபோது முதலாளி அவருக்குச் சால்வை போட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. "எவன் குத்தினாலும் அரிசியானால் சரி, விடு" என்கிறார் என் கணவர். அண்ணாச்சியிடம் நேருக்கு நேர் கேட்டுவிடவா, வேலையை விட்டுவிடவா, இல்லை இனி வாயே திறக்காமல் இருந்துவிடவா? மனிதர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்?

— வாசகி, சிவகாசி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பழமொழியை ஓரமாக வைத்துவிடுவோம். அரிசியானால் சரி என்று சொல்பவர் பெரும்பாலும் உலக்கை பிடிக்காதவராக இருப்பார். குத்தினவருக்குத்தான் கை காய்த்திருக்கிறது. அதற்கு ஒரு நல்ல வார்த்தை எதிர்பார்ப்பதில் பேராசை எதுவும் இல்லை. உங்கள் கணவர் மேல் கோபப்படாதீர்கள், நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். நீங்கள் தூங்கினால்தானே அவரும் தூங்க முடியும்.

வேலை பார்க்கும் இடங்களில் வரும் மனச்சங்கடங்களைக் கேட்பதுதான் என் தொழில். "என் யோசனையை இன்னொருத்தர் எடுத்துக்கிட்டார்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. "நான் இன்னொருத்தர் யோசனையை எடுத்துக்கிட்டேன், மனசு உறுத்துது" என்று இதுவரை ஒருவரும் வந்ததில்லை. பறிகொடுத்தவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது பறித்தவர் ஒருவர்கூட இல்லையென்றால் கணக்கு எங்கோ இடிக்கிறது. எடுத்தவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் எடுத்தது தெரியாது என்பதுதான் எனக்குத் தெரிந்த விடை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது "நல்லாருக்குல்ல பாப்பா?" என்ற அந்த ஒரு வரி. உங்களுக்கு அது வெந்த புண்ணில் வேல். எனக்கோ அது அண்ணாச்சிக்கு ஆதரவான சாட்சியாகத் தெரிகிறது. தெரிந்தே திருடியவர் உடைமைக்காரரிடம் வந்து பொருளைக் காட்டி அபிப்பிராயம் கேட்க மாட்டார். நீங்கள் லீவு போட்ட நாளாகப் பார்த்துச் சொல்லியிருப்பார், குறைந்தபட்சம் உங்கள் கண்ணையாவது தவிர்த்திருப்பார். இவர் உங்களிடமே பாராட்டு கேட்கிறார் என்றால், அது தன் தலையில் முளைத்தது என்று மனதார நம்புகிறார். இது என் ஊகம்தான், சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இந்த ஊகத்துக்குப் பின்னால் கொஞ்சம் ஆராய்ச்சியும் இருக்கிறது.

மார்ச்சில் வேண்டாத யோசனை ஜூலையில் எப்படி இனித்தது? அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஹோவ்லாண்ட், வால்டர் வைஸ் என்ற இருவர் செய்த சோதனை ஒன்று 1951-இல் வெளியானது. மாணவர்களுக்குச் சில கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். அதில் ஒன்று, அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலை இப்போது கட்ட முடியுமா என்பது பற்றியது. சிலருக்கு அது விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் சொன்னது என்றார்கள். மற்றவர்களுக்கு, அமெரிக்கர்கள் அன்று நம்பாத சோவியத் பத்திரிகையான பிராவ்தாவில் வந்தது என்றார்கள். கட்டுரை ஒன்றேதான், மேலே போட்ட பெயர்தான் வேறு. படித்த கையோடு கேட்டபோது ஓப்பன்ஹைமர் பெயர் போட்டதைத்தான் அதிகம் பேர் ஏற்றுக்கொண்டார்கள். நாலு வாரம் கழித்துக் கேட்டால் அந்த வித்தியாசமே காணாமல் போயிருந்தது. ஓப்பன்ஹைமர் பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது, பிராவ்தா பக்கம் ஏறியிருந்தது. (அப்படியொரு கப்பலை அமெரிக்கா 1954-இல் தண்ணீரில் இறக்கியே விட்டது.)

நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் முதல் வேலையாகப் பெயர் வெட்டுவார்கள். கல்யாண வீட்டுக்கு இரவல் போனாலும் திரும்பி வந்துவிடும். காதில் விழும் யோசனையில் மூளை அப்படிப் பெயர் வெட்டுவதில்லை. சொன்னவர் பெயரை மேலாக ஒட்டித்தான் வைக்கிறது. நாள் போனால் அந்தச் சீட்டு உதிர்ந்துவிடும், பாத்திரம் மட்டும் அலமாரியில் இருக்கும். நம் அலமாரியில் இருப்பதெல்லாம் நம்முடையதுதானே என்று எடுத்துப் புழங்குகிறோம்.

இப்போது மார்ச் மாதத்துக்கு வாருங்கள். அண்ணாச்சி அன்று தள்ளிவிட்டது கட்டங்களை இல்லை. சொன்னது "பாப்பா" என்பதால் தள்ளினார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு வியாபாரம் என்ன தெரியும் என்ற நினைப்பு. நாலு மாதத்தில் உங்கள் பெயர் உதிர்ந்துவிட்டது. கூடவே அந்த இளக்காரமும் உதிர்ந்தது. அப்புறம் யோசனையை மட்டும் தனியாகப் பார்த்தார், பிடித்துப்போனது. கசப்பான உண்மை ஒன்று உண்டு. ஹோவ்லாண்டும் ஹெர்பர்ட் கெல்மனும் 1953-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், மூன்று வாரம் கழித்து, இதை இன்னார் சொன்னார் என்று மறுபடி நினைவூட்டினார்கள். பழைய வித்தியாசம் திரும்ப வந்துவிட்டது. ஜூலை மீட்டிங்கில் நீங்கள் எழுந்து, "இது மார்ச்ல நான் சொன்னது சார்" என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு நியாயம் கிடைத்திருக்கலாம். கட்டங்கள் ஆல்பத்தில் ஏறியிருக்குமா என்பது சந்தேகம்.

சரி, பெயர் மறந்ததுதான் என்றால் "யாரோ சொன்னாங்க" என்றாவது சொல்லியிருக்கலாமே, "எனக்குத் தோணுச்சு" என்று எப்படி வந்தது? காரணம் அந்தப் போன் நம்பர். இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தில் ஸ்டார்க், பெர்ஃபெக்ட், நியூஸ்டெட் என்ற மூவர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. சாதாரணப் பொருள்களுக்குப் புதுப்புது உபயோகங்களைச் சொல்லும்படி சிலரை ஒன்றாக உட்கார வைத்தார்கள். பிறகு அதே யோசனைகளில் சிலவற்றை மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள், வேறு சிலவற்றை இன்னும் மேம்படுத்த வழி யோசிக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, "இதில் நீங்கள் சொன்னவை எவை?" என்று கேட்டார்கள். வெறுமனே கற்பனை செய்து பார்த்ததைத் தன்னுடையது என்று சொன்னவர்கள் குறைவு. மேம்படுத்திப் பார்த்த அடுத்தவர் யோசனைகளைத் தன்னுடையது என்று சொன்னது மிக அதிகம். அண்ணாச்சி கடையின் போன் நம்பரைச் சேர்க்க மண்டையைக் குடைந்துகொண்டாரே, அந்த உழைப்பு அவருக்கு நன்றாக நினைவிருக்கும். அந்த நினைவே முழுப் பக்கத்துக்கும் பட்டா ஆகிவிட்டது. (போன் நம்பர் நல்ல யோசனைதான். ஆர்டர் கொடுக்கும் கடைக்காரர் மனதைத் தெரிந்தவர் சேர்த்தது. எரிச்சலில் அதை மறுத்துவிடாதீர்கள்.)

இந்த மறதி அதிகாரிகளுக்கு மட்டும் வருகிற வியாதியா? பார்வையும் செவியும் இல்லாத ஹெலன் கெல்லர் பதினோரு வயதில், 1891-இல், பாஸ்டன் பார்வையற்றோர் பள்ளியின் தலைவருக்குப் பிறந்தநாள் பரிசாகப் பனிக்கால ராஜா ஒருவரைப் பற்றி ஒரு கதை எழுதி அனுப்பினார். அவரும் பெருமையோடு அச்சில் போட்டார். கொஞ்ச நாளில், மார்கரெட் கேன்பி என்பவர் முன்பே எழுதிய கதையைப் போலவே அது இருக்கிறது என்று தெரிய வந்தது. பள்ளியில் விசாரணை வைத்தார்கள். கூட இருந்த ஆசிரியை ஆன் சல்லிவனை வெளியே அனுப்பிவிட்டு, அந்தக் குழந்தையைத் தனியாக உட்கார வைத்துக் குறுக்குக் கேள்வி கேட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு கோடை விடுமுறையில், தெரிந்தவர் வீட்டில் அந்தக் கதையை அவர் உள்ளங்கையில் எழுத்து எழுத்தாகச் சொல்லியிருக்கிறார்கள். கதை உள்ளே தங்கிவிட்டது, கேட்ட இடமும் நேரமும் போய்விட்டன. அதற்குப் பிறகு அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போதுகூட, இந்த வாக்கியம் என்னுடையதுதானா, எங்காவது படித்ததா என்று பயந்து திரும்பத் திரும்ப விரல்களால் சரிபார்த்ததாகத் தன் சுயசரிதையில் சொல்கிறார்.

அதைப் படித்துக் கொதித்துப்போன எழுத்தாளர் மார்க் ட்வைன் 1903-இல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். விசாரணை நடத்தியவர்களைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டு, தன் கதையையும் சொன்னார். 1866-இல் ஹவாய்த் தீவுகளில் இருந்தபோது ஆலிவர் வெண்டல் ஹோம்ஸின் கவிதைகளைப் படித்திருக்கிறார். பிறகு தன் பயணநூலுக்கு எழுதிய சமர்ப்பண வரிகள் ஹோம்ஸுடையவை என்பது அவருக்கே தெரியவில்லை. வருஷங்கள் கழித்து ஹோம்ஸிடமே அதைப் பற்றிப் பேசியிருக்கிறார், அந்தப் பெரிய மனிதரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய எல்லா யோசனையும் ஏற்கெனவே யாரோ புழங்கியதுதான் என்பது ட்வைன் கட்சி. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. எல்லாமே இரவல் என்று சொல்லிவிட்டால் நோகாமல் நுங்கு தின்பவர்களுக்கு அது ரொம்ப வசதியாகப் போய்விடும். ஆனால் ஓர் இளம்பெண்ணைத் தேற்றுவதற்கு எழுதியதை அப்படித் துருவக் கூடாது.

கோபித்துக்கொள்ளாமல் ஒன்றைக் கேளுங்கள். உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரியில் ஒரு பென்சில் வருகிறது. காலண்டர் ஓரத்தில் பால் கணக்கு எழுதலாம் என்பதைக் கண்டுபிடித்தது யார்? ஜூலை மாதத்து அண்ணாச்சிக்கு நீங்கள் எப்படியோ, மார்ச் மாதத்து உங்களுக்கு மாமியார் அப்படி. நீங்கள் அவர் பெயரை எனக்கு எழுதினீர்கள், அது உங்கள் நேர்மை. அண்ணாச்சியிடம் சொன்னபோது சொன்னீர்களா? ஓரத்துக் கிறுக்கலை நாடு முழுக்கத் தொங்கக்கூடிய கட்டமாகப் பார்த்தது உங்கள் கண்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே நியாயத்தில் போன் நம்பரைச் சேர்த்த அண்ணாச்சிக்கும் ஓரணா பங்கு உண்டு. ஆல்பத்தின் பிரதி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய், "இது உங்களைப் பார்த்துப் பிறந்தது அத்தை" என்று சொல்லிக் காட்டுங்கள். உங்களுக்குச் சால்வை போட ஆள் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம், நீங்கள் போட வேண்டிய சால்வை ஒன்று வீட்டிலேயே இருக்கிறது.

பங்கு என்று வந்தாலே மனிதர்களுக்குக் கூட்டல் தடுமாறும். கனடாவில் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி என்ற இருவர் கணவன் மனைவியரைத் தனித்தனியாக உட்கார வைத்து, வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள் (1979). இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் நூற்றுக்கு மேலே போயிற்று. சண்டையை ஆரம்பிப்பது போன்ற கெட்ட விஷயங்களிலும் அப்படித்தான் கூடியது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பெருமைக்காக மட்டும் வருகிற கோளாறு இல்லை, தான் செய்தது தனக்குப் பக்கத்தில் நின்று தெரிகிறது, அவ்வளவுதான்.

இனி உங்கள் மூன்று கேள்விகள்.

நேருக்கு நேர் கேட்கலாம், ஆனால் "கேட்டுவிடவா" என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்தச் சூட்டோடு வேண்டாம். திருடினீர்கள் என்றால் அவர் திருடவில்லை என்றுதான் சொல்வார், அதுவும் உண்மையாகவே நம்பிச் சொல்வார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஒருமுறை நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் நாலாவது காலை அவரே தேடிப் பிடித்தாலும் வெளியே காட்ட முடியாது. டீ நேரத்தில் மற்றவர்கள் இருக்கும்போது வேண்டாம். தனியாக இருக்கும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணாச்சி, பால் கணக்குக் கட்டம் மார்ச்ல நான் சொன்னப்ப வேண்டாம்னுட்டீங்க. நீங்க கடை நம்பரைச் சேர்த்ததும் அது எடுபட்டுருச்சு. அடுத்த வருஷத்துக்கு ரெண்டு யோசனை வெச்சிருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்தே முதலாளிகிட்ட சொல்லுவோமா?"

உடனே அவருக்கு நினைவு வரவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மறதிகளுக்கெல்லாம் காரணம் கண்டுபிடித்த சிக்மண்ட் ஃப்ராய்டுக்கே வரவில்லை. நண்பர் ஃப்ளீஸிடம் போய் ஒரு கருத்தைப் புதிதாகச் சொல்வது போலச் சொல்ல, "பிரெஸ்லாவில் நாம் நடந்து போனபோது நான்தானே இதை உன்னிடம் சொன்னேன், நீ அப்போது காதிலேயே வாங்கவில்லை" என்றாராம் நண்பர். ஃப்ராய்டுக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. ஒரு வாரம் கழித்துத்தான் அந்த நடை முழுசாக நினைவுக்கு வந்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். தன் சொந்தச் சரக்கு என்று நினைத்ததை விட்டுக்கொடுப்பது வலிக்கத்தான் செய்கிறது என்றும் சேர்த்து எழுதினார். அண்ணாச்சிக்கும் ஒரு வாரம் கொடுங்கள்.

வாயை மூடிக்கொள்வது மூன்றிலும் மோசமான வழி. அது அவருக்குத் தண்டனை என்று நினைப்பீர்கள், அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதற்குப் பதிலாக, சொல்லும் முறையை மாற்றுங்கள். 1858-இல் இன்றைய இந்தோனேசியாவின் டெர்னேட் தீவிலிருந்து இயற்கை ஆய்வாளர் வாலஸ் அனுப்பிய கட்டுரையைப் பிரித்த டார்வின் அதிர்ந்துபோனார். உயிரினங்கள் இயற்கைத் தேர்வால் மாறுகின்றன என்று இருபது வருஷமாகத் தான் அடைகாத்த அதே கருத்து அதில் இருந்தது. அவர் மானத்தைக் காப்பாற்றியது தேதிதான். 1844-இல் எழுதி வைத்த கட்டுரையும், 1857 செப்டம்பர் 5 என்று தேதி போட்டு அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு அனுப்பிய கடிதமும் இருந்தன. லண்டன் லின்னேயன் சங்கத்தில் 1858 ஜூலை 1 அன்று இருவருடைய எழுத்தும் சேர்ந்தே வாசிக்கப்பட்டன. இருவரும் கடைசிவரை முகம் கொடுத்துப் பேசிக்கொண்டார்கள்.

இந்த விஷயத்தில் டார்வினை விட உங்களுக்கு வசதி அதிகம். வாயால் சொன்னது காற்றோடு போகும். நீங்கள் டிசைனர், ஒரு மாதிரி ஷீட் போட்டே காட்டலாம். கட்டிங் மார்க்குக்கு வெளியே வேலையின் பெயரும் தேதியும் போடுவீர்கள்தானே, அங்கே உங்கள் பெயரையும் போடுங்கள். சொன்ன அன்றே, "அண்ணாச்சி, காலையில் சொன்னதற்கு மாதிரி அனுப்பியிருக்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. புகாருக்காகச் சேர்க்கும் ஆவணம் போலத் தெரியக் கூடாது, வேலையின் ஒரு பகுதியாக இயல்பாக இருக்கட்டும். இன்னொரு சின்ன விஷயம்: மீட்டிங்கில் அண்ணாச்சி பேசுவதற்கு நேர் முன்னால் நீங்கள் பேசாதீர்கள். தன் முறை வரப்போகிறது என்றால் மனிதர்கள் தனக்கு முந்தியவர் சொன்னதைச் சரியாகக் காதில் வாங்குவதில்லை என்று 1973-இலேயே ஒரு சோதனையில் பார்த்திருக்கிறார்கள். உள்ளே அரைகுறையாகப் போனதுதான் பிறகு நம்முடையதாக முளைத்து வரும்.

இத்தனைக்கும் பிறகு அடுத்த யோசனையும் உங்கள் பெயர் இல்லாமல் போனால், ஷீட்டில் இருந்த பெயர் அழிக்கப்பட்டிருந்தால், நீங்கள் இல்லாத நாளாகப் பார்த்து அது முதலாளியிடம் போனால், அப்போது நான் மேலே சொன்ன சமாதானம் எதுவும் செல்லாது. அது மறதி இல்லை. தேதி போட்ட ஷீட்டுகளோடு முதலாளியிடம் போங்கள், ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு வெளியே வாருங்கள். அதற்கு மேல் இழுக்காதீர்கள். நியூட்டனும் லைப்னிட்ஸும் கால்குலஸ் என்ற கணித முறை யாருடையது என்று அடித்துக்கொண்டபோது, தீர்ப்புச் சொல்ல லண்டன் விஞ்ஞானிகளின் ராயல் சங்கம் 1712-இல் ஒரு குழு போட்டது. சங்கத்துக்குத் தலைவர் நியூட்டன், குழுவின் அறிக்கையை எழுதியதும் பெரும்பாலும் நியூட்டனே. போதாததற்கு அந்த அறிக்கைக்குப் பெயர் போடாமல் மதிப்புரையும் அவரே எழுதினார். அவ்வளவு பெரிய மூளை அந்த வேலைக்கா செலவாக வேண்டும்?

வேலையை விடுவது பற்றி இப்போது யோசிக்காதீர்கள். காலண்டர் சீசன் உச்சத்தில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டு, தூக்கமும் இல்லாமல் எடுக்கும் முடிவு எனக்கு நம்பிக்கை தரவில்லை. ஜனவரியில் ஆர்டர் வேலை ஓயட்டும். அதற்குள் அண்ணாச்சியிடம் பேசியிருப்பீர்கள், அடுத்த வருஷத்து மாதிரி ஷீட்டுகள் இரண்டு மூன்று உங்கள் பெயரோடு கையில் இருக்கும். வேறு அச்சகத்துக்குப் போவது என்று ஆனாலும் அவர்கள் முதலில் பார்க்கக் கேட்பது அவற்றைத்தான்.